ரீபிரீதர் பழகலாமா? மதுரைப் பக்கத்து ஸ்கூபாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிம்மக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை என்னுடையது. லீவு கிடைத்தால் கடலுக்குள் இறங்குவது பழக்கம். சில வருடங்களுக்கு முன் தாய்லாந்து போய் ஒரு வாரம் ரீபிரீதர் பயிற்சி முடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஸ்கூபா பழகிய நம் ஊர்ப் பிள்ளைகள் கடைக்கு வந்தால், டீ வருவதற்குள் இந்தப் பேச்சை எடுத்துவிடுகிறார்கள். கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆளுக்கொரு தடவை சொல்லி மாளவில்லை, எழுதிவிட்டேன். ஓப்பன் வாட்டர் என்கிற முதல் ஸ்கூபா வகுப்பை முடித்தவருக்குப் புரிகிற அளவில் இருக்கிறது. கேள்விகள் அவரவர் கேட்டபடியே.

அண்ணே, ரீபிரீதர்னா என்ன? அதுவும் சிலிண்டர்தானே?

சிலிண்டர் உண்டு, ஆனால் வேலை வேறு. நாம் இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். விடும் மூச்சில் இன்னும் 16, 17 சதவீதம் மிச்சம் இருக்கிறது. உடம்பு எடுத்துக்கொள்வது நாலைந்து சதவீதம்தான். அந்த இடத்தில் கரியமில வாயு வந்து சேர்கிறது. சாதாரண ஸ்கூபாவில் இந்த மிச்சம் அத்தனையும் குமிழியாக மேலே போய்விடும். ரீபிரீதர் அதைப் பிடித்து வைத்து, கரியமில வாயுவை நீக்கி, குறைந்த ஆக்சிஜனைச் சேர்த்து, மறுபடி நம்மிடமே கொடுக்கும்.

பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதியது ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு டப்பாவில் சோடா லைம் என்ற குருணை. பெரும்பகுதி நீற்றிய சுண்ணாம்பு, கொஞ்சம் காஸ்டிக் சோடா. விட்ட மூச்சு அதன் வழியாகப் போகும்போது கரியமில வாயு சுண்ணாம்பில் தங்கிவிடுகிறது. அந்த டப்பாவுக்கு ஸ்க்ரப்பர் என்று பெயர். மவுத்பீஸிலிருந்து போக ஒரு குழாய், வர ஒரு குழாய், தோள்பக்கமோ முதுகிலோ இரண்டு காற்றுப் பைகள். இந்தச் சுற்று முழுவதையும் லூப் என்பார்கள். வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் செமி-குளோஸ்டு வகையும் உண்டு. நான் இங்கே பேசுவது முழுக்க மூடிய சிசிஆர் (குளோஸ்டு சர்க்யூட் ரீபிரீதர்) பற்றி.

தண்ணிப் பாட்டில் சைஸ் சிலிண்டர்ல மூணு மணி நேரம் இருக்கலாம்னு சொல்றாய்ங்களே, எப்படிண்ணே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர் என்று வைப்போம். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 பார், அதாவது தரையைப்போல் நாலு மடங்கு. அங்கே நிமிடத்துக்கு 80 லிட்டர் செலவாகும். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருந்தால் மொத்தம் 2200 லிட்டர். 50 பார் மிச்சம் வைத்துக்கொண்டு மேலே வரவேண்டும் என்பதால் கைக்கு வருவது 1650. இருபது நிமிடத்தில் காலி.

உடம்புக்கு உண்மையில் தேவைப்படும் ஆக்சிஜன், மிதமாக நீந்தும்போது, நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர். இது 5 மீட்டரிலும் அதேதான், 30 மீட்டரிலும் அதேதான். 2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் ஆக்சிஜன் என்றால் 400 லிட்டர். காகிதக் கணக்கில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் அதற்கு முன்பே சுண்ணாம்பு தீர்ந்துவிடும். இரண்டரைக் கிலோ பிடிக்கும் டப்பா ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாங்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தாலோ, ஆள் கடுமையாக நீந்தினாலோ அதுவும் குறையும்.

முதுகுல ரெண்டு சிலிண்டர் இருக்கு. ஒண்ணு ஆக்சிஜன், சரி. இன்னொண்ணு எதுக்கு?

வெறும் ஆக்சிஜனை வைத்து 6 மீட்டருக்குக் கீழே போக முடியாது என்பதால். 1878இல் இங்கிலாந்தில் ஹென்றி ஃபிளூஸ் செய்த முதல் உருப்படியான ரீபிரீதர் தனி ஆக்சிஜனில் ஓடியதுதான். அழுத்தத்தில் ஆக்சிஜன் நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பைக் கொண்டுவரும் என்பது டைவர்களுக்கு உறைக்கப் பல காலம் பிடித்தது. அதனால் இன்றைய கருவியில் இரண்டாவது சிலிண்டரில் சாதாரணக் காற்று இருக்கும். பெயர் டைல்யூவண்ட். இறங்க இறங்க லூப் சுருங்கும்; அதை நிரப்புவது இது. நூறு மீட்டர் போகிறவர்கள் இதில் ஹீலியம் கலவை வைத்துக்கொள்கிறார்கள், அது நம் பேச்சு இல்லை.

எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதைச் செட்பாயிண்ட் என்று குறித்துவிடுவோம். மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு எவ்வளவு என்பதுதான் அந்த எண், கீழே பெரும்பாலும் 1.3 பார். மூன்று சென்சார்கள் அளந்துகொண்டே இருக்கும், குறைந்தால் ஒரு குட்டி வால்வு ‘டிக்’கென்று திறந்து ஆக்சிஜன் விடும். நம் கடைக்காரப் பாஷையில் சொன்னால் தெர்மோஸ்டாட் வேலை.

அதுக்கு நைட்ராக்ஸே போதாதா? விலையும் கம்மியாச்சே.

நல்ல கேள்வி. கருவி விற்பவர்கள் இதைக் கேட்க விடமாட்டார்கள். நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த காற்று. உடம்பில் நைட்ரஜன் குறைவாக ஏறும், கீழே கூடுதல் நேரம் இருக்கலாம். 30 மீட்டரில் 1.3 செட்பாயிண்ட் என்றால் மூச்சில் ஆக்சிஜன் 32.5 சதவீதம். அதாவது அந்த ஆழத்தில் நீங்கள் நைட்ராக்ஸ் 32 சுவாசிக்கிறீர்கள், அவ்வளவுதான். ஸ்கூபா பயிற்சி நிறுவனமான பாடியின் (PADI) அட்டவணையில், வழியில் நின்று நின்று ஏறாமல் நேராக மேலே வர 30 மீட்டரில் இருக்கக்கூடிய நேரம் காற்றில் 20 நிமிடம், நைட்ராக்ஸ் 32இல் 30 நிமிடம்.

வித்தியாசம் தெரிவது மேலே வரும்போது. 18 மீட்டரில் அதே 1.3 என்பது 46 சதவீதம். 10 மீட்டரில் 65. ஒவ்வொரு ஆழத்துக்கும் தகுந்த கலவையைக் கருவியே அந்தந்த நேரத்தில் செய்து கொடுக்கிறது. பல ஆழங்களில் இரண்டு மணி நேரம் சுற்றுகிறவருக்கு இது பெரிய லாபம். நாற்பது நிமிடத்தில் மேலே வந்து படகில் பரோட்டா பார்சலைப் பிரிக்கிறவருக்கு நைட்ராக்ஸ் போதும். நைட்ராக்ஸ் கார்டு இன்னும் எடுக்கவில்லையா? முதலில் அதை எடுங்கள். ரீபிரீதர் வகுப்பில் எப்படியும் கேட்பார்கள்.

அண்ணா, சத்தமே வராதாமே? மீன் பக்கத்துலயே வருமாமே?

வரும். இது விளம்பரம் இல்லை, உண்மை. என் மூன்றாவது நாள் டைவில் ஒரு பாறைக்குக் கீழே களவா மீன் ஒன்று படுத்திருந்தது, முழங்கை நீளம் இருக்கும். சாதாரண ஸ்கூபாவில் நான் ஒரு மூச்சு விட்டால் போதும், வாலை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடும். அன்று அது என் முகக்கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்று செவுளை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. அதன் பல்லில் ஏதோ சிக்கியிருந்ததுகூடத் தெரிந்தது. அந்த ‘டிக்’ சத்தம் வந்தபோது மட்டும் கண்ணைத் திருப்பியது.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. சுண்ணாம்பு வேலை செய்யும்போது சூடும் ஈரமும் வரும். அதனால் மூச்சுக்காற்று வெதுவெதுப்பாக இருக்கும். சிலிண்டர் காற்றில் தொண்டை வறண்டுபோகிற தொல்லை இதில் இல்லை.

மிதப்புக் கட்டுப்பாடு எனக்கு நல்லா வரும்ணே. அப்ப இது ஈஸியா வந்துரும்ல?

நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். ஸ்கூபாவில் மூச்சை இழுத்தால் லேசாக எழும்புவோம், விட்டால் இறங்குவோம். இருநூறு டைவில் அது உடம்பில் ஊறிவிடும். ரீபிரீதரில் நுரையீரலில் இருப்பது பைக்குப் போகிறது, பையில் இருப்பது நுரையீரலுக்கு வருகிறது. மொத்தக் கொள்ளளவு மாறுவதில்லை. எவ்வளவு இழுத்தாலும் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள்.

முதல் நாள் நீச்சல் குளத்தில் தரையை நோக்கிப் போனபோது பழக்கதோஷத்தில் நெஞ்சு நிறைய இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முழங்கால் தரையில் இடித்தது. பதறி ஜாக்கெட்டில் காற்று அடித்தேன், தக்கை மாதிரி மேலே வந்தேன். கரையில் உட்கார்ந்து பார்த்த ஒரு சின்னப் பையன் கைதட்டினான். பழைய அனுபவம் இங்கே கொஞ்சம் உதவும், கொஞ்சம் காலை வாரும்.

சுண்ணாம்பை நாமளே போடணுமா?

ஆமாம். அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ் சில மாடல்களுக்கு உண்டு, மற்றதற்கெல்லாம் கையால்தான். படியில் அரிசி அளக்கும்போது பாட்டிமார் எப்படி அளப்பார்கள்? கொஞ்சம் போட்டு, படியைக் குலுக்கித் தட்டி, மறுபடி போட்டு, கடைசியில் தலை வழிப்பார்கள். அதே கைவேலை. டப்பாவின் பக்கங்களைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே நிரப்ப வேண்டும். தட்டாமல் விட்டால் ஓரத்தில் இடைவெளி விழும், மூச்சு அந்தச் சந்து வழியாகச் சுண்ணாம்பைத் தொடாமலே ஓடிவிடும். காற்றடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், தூசி கண்ணில் பட்டால் எரியும். நான் பழகும்போது ஒரு டப்பாவுக்கு இருபது நிமிடம் எடுத்தேன்.

எங்க மாமா மருந்து ஏஜென்சி வச்சிருக்காரு. ஆபரேஷன் தியேட்டர் சோடா லைம் வாங்கிப் போட்டா என்ன?

மயக்க மருந்து மெஷினிலும் இதே வேதியியல்தான், பெயரும் அதேதான். குருணை அளவு வேறு. டைவிங்கில் அதிகம் புழங்கும் ரகம் 1 முதல் 2.5 மில்லிமீட்டர், மருத்துவ ரகம் பெரும்பாலும் 2.5 முதல் 5 வரை. குருணை பெரிதானால் மேற்பரப்பு குறையும், சீக்கிரம் கைவிடும். படுத்திருக்கும் நோயாளி விடும் கரியமில வாயுவும் எதிர்நீரோட்டத்தில் நீந்துகிறவர் விடுவதும் ஒன்றா? கருவி செய்தவர் எந்த ரகம் சொல்லியிருக்கிறாரோ அதுதான்.

குருணையின் நிறம் மாறுவதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்றும் அந்த மாமா சொன்னாராம். தீர்ந்த குருணையைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். நிறத்தை நம்பாதீர்கள். எத்தனை மணிக்கு அடைத்தோம், எத்தனை நிமிடம் ஓடியது என்று டப்பா மேல் டேப் ஒட்டி எழுதுவதே நல்லது.

உள்ள தண்ணி போயிட்டா வாய் வெந்துரும்னு சொல்றாய்ங்க, நெசமா?

நிஜம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போனால் நாக்கு பொத்துப்போகும் அல்லவா? இதில் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து கரைந்து வாய்க்கு வரும். மவுத்பீஸை வாயிலிருந்து எடுக்கும் முன் அதன் அடைப்பை மூடவேண்டும். மூடாமல் எடுத்தால் லூப்புக்குள் கடல் புகுந்துவிடும். வந்துவிட்டால் லூப்பை விட்டு உடனே தனி சிலிண்டருக்கு மாறி, மேலே வந்து நல்ல தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே இருக்க வேண்டும், டாக்டரையும் பார்க்க வேண்டும்.

இதுல ஆபத்து என்னன்னு ஒளிக்காமச் சொல்லுங்க.

மூன்று. ஆக்சிஜன் குறைவது, ஆக்சிஜன் கூடுவது, கரியமில வாயு தேங்குவது.

முதலாவது நம் பக்கத்துக் கிராமத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் மூடிக் கிடந்த கேணியில் தூர் வார ஒருவர் இறங்குவார். கூப்பிட்டால் பதில் வராது. தூக்க இறங்கிய அடுத்தவரும் விழுவார். அதனால்தான் பெரியவர்கள் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு கத்துவதில்லை. மூச்சுமுட்டுகிற உணர்வைத் தருவது கரியமில வாயு. அதைத்தான் சுண்ணாம்பு எடுத்துவிடுகிறதே! ஆகவே ரீபிரீதரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் சுகமாக மூச்சு விட்டுக்கொண்டே நினைவு தப்பும். மேலேறும்போது இது இன்னும் மோசம். 10 மீட்டரில் 0.3 பார் இருந்தால் பிரச்சினை தெரியாது. அதையே சுவாசித்துக்கொண்டு மேலே வந்தால் பாதியாகி 0.15.

இரண்டாவது, வலிப்பு. முன்னே சொன்ன காரணம்தான். 1.6 பாரைத் தாண்டவே கூடாது. அமெரிக்கக் கடல்வள அமைப்பான நோவாவின் அட்டவணை 1.3க்கே ஒரு டைவில் 180 நிமிடம் என்று எல்லை வைக்கிறது. தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் மவுத்பீஸ் வாயிலிருந்து போய்விடும். அதற்காகத்தான் தலையைச் சுற்றி மவுத்பீஸைக் கட்டும் பட்டை. அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் கழற்றிப் போடுகிறார்கள், போடாதீர்கள்.

மூன்றாவது கரியமில வாயு. ஓரத்துச் சந்து, தீர்ந்த சுண்ணாம்பு, மறந்துபோன ஒரு ஓ-ரிங், எதுவும் காரணமாகலாம். இது வந்தால் மூச்சு வாங்கும், பயம் கிளம்பும், பயத்தில் இன்னும் மூச்சு வாங்கும். எண்ணிக்கை வேண்டும் என்பவர்களுக்கு: 1998 முதல் 2010 வரை 181 ரீபிரீதர் மரணங்களை ஆராய்ந்து 2013இல் வந்த கட்டுரை, சாதாரண ஸ்கூபாவைவிட மரண விகிதம் சுமார் 10 மடங்கு என்று மதிப்பிட்டது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் போன்ற கடினமான டைவோ ஆளின் அசட்டுத் துணிச்சலோ சம்பந்தப்பட்டவை. மீதி மூன்றில் ஒரு பங்கை மறந்துவிடாதீர்கள்.

மூணு சென்சார் இருக்கே, அப்புறம் என்ன பயம்?

ஒரே பெட்டியில் வந்த மூன்று, ஒரே நாளில் போட்டவை, ஒரே ஈரத்தில் கிடந்தவை. கெட்டால் சேர்ந்து கெடும். இரண்டு ஒன்று சொல்லி மூன்றாவது வேறு சொன்னால், கருவி அந்த மூன்றாவதைத் தள்ளிவிடும். அந்த மூன்றாவதுதான் சரியானது என்றால்? வயதான சென்சார் 1.1க்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிடுவது உண்டு. உள்ளே 1.5 இருக்கும், கருவியோ ‘இன்னும் 1.3 வரவில்லையே’ என்று ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. 20 மீட்டரில், அதாவது 3 பாரில், லூப்பை டைல்யூவண்ட் காற்றால் கழுவினால் மூன்றும் 0.63 பக்கத்தில் காட்ட வேண்டும். எது காட்டவில்லையோ அது பொய் சொல்கிறது. சென்சாருக்கு ஆயுள் ஒன்று, ஒன்றரை வருடம். கடையில் நான் மல்டிமீட்டரை வேறொரு மல்டிமீட்டர் வைத்துச் சரிபார்ப்பவன். அந்தப் புத்தி இங்கே கைகொடுத்தது.

தம்பி, இறங்கும் முன்னாடி அஞ்சு நிமிஷம் கரையிலயே மூச்சு விட்டுப் பார்ப்பீங்களாமே. சுண்ணாம்பு வேலை செய்யலைன்னா அப்பவே தெரிஞ்சிராதா?

தெரியும் என்றுதான் ரொம்ப நாள் எல்லோரும் நம்பினார்கள், சார். 2015இல் வந்த ஒரு ஆய்வில் சுண்ணாம்பே இல்லாத கருவியையும் பாதி பழுதான கருவியையும் சொல்லாமல் கொடுத்து ஐந்து நிமிடம் சுவாசிக்க விட்டார்கள். சுண்ணாம்பே இல்லாதபோதுகூடச் சிலர் கண்டுபிடிக்கவில்லை. பாதி பழுதை ஏறக்குறைய யாருமே உணரவில்லை.

ஆனாலும் அந்த ஐந்து நிமிடம் வேறொன்றுக்கு அவசியம். நாலாம் நாள் படகில் நான் சரிபார்ப்பு அட்டையைப் பார்க்காமல் மனப்பாடமாகவே எல்லாம் முடித்தேன். உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது கையில் இருக்கும் திரையில் ஆக்சிஜன் எண் 0.20, 0.19 என்று இறங்கியது. எனக்கு எதுவும் தோன்றவில்லை, நன்றாகத்தான் இருந்தேன். பயிற்சியாளர் என் கையைப் பிடித்துத் திரைக்கு நேராகத் திருப்பினார். ஆக்சிஜன் சிலிண்டர் வால்வைக் கரையில் சோதித்துவிட்டு மூடியவன் திறக்கவே இல்லை. அவர் திட்டவில்லை. அட்டையை என் மடியில் வைத்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

கருவி மக்கர் பண்ணினா மேல வர்றதுக்குத் தனி சிலிண்டர் எவ்வளவு பெருசு வேணும்?

இதை பெயில்அவுட் என்பார்கள். மேலே 20 லிட்டர் என்று போட்ட கணக்கை இங்கே போடக்கூடாது. கரியமில வாயு ஏறிய ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டருக்குக் குறையாமல் இழுப்பார். 30 மீட்டரில் அது 160. 3 லிட்டர் குட்டி சிலிண்டரில் இருப்பது 600 லிட்டர். நாலு நிமிடம்கூட வராது. கீழே ஒரு நிமிடம் திணறினாலே போதும், ஏறும் வழியில் நைட்ரஜன் வெளியேற நிற்கும் நிறுத்தத்துக்கு மிச்சம் இருக்காது. பக்கவாட்டில் முழு சிலிண்டர் ஒன்று தொங்க வேண்டும். ‘சின்னக் கருவி, லேசாப் போகலாம்’ என்ற ஆசை இங்கே போய்விடும். எல்லாம் சேர்த்து நாற்பது கிலோவை ஒட்டி வரும்.

நம்ம ஊர்க் கேணியிலயோ வைகை டேம்லயோ பழகிக்கலாமாண்ணே?

வேண்டாம். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி, இருபது மீட்டருக்கு மேல், ஆழம் கணக்கில் சரிதான். ஆனால் கலங்கல் தண்ணீரில் கையில் இருக்கும் திரையே தெரியாது, மதகுப் பக்கம் இழுப்பு வேறு, அனுமதியும் கிடைக்காது. கேணியில் மோட்டார் குழாயும் கயிறும் முள்ளும். நீச்சல் பழகக் கேணி போதும். இந்தக் கருவிக்குக் குளம், அப்புறம் தெளிந்த கடல்.

மன்னார் வளைகுடாவுல இதைப் போட்டுட்டு இறங்கலாமா?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, எந்தக் கருவியானாலும் சரி. பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். அந்த ஆழத்தில் சாதாரண சிலிண்டரே அரை மணி நேரத்துக்கு மேல் வரும். தண்ணீரும் பல நாள் கலங்கல். மீன் பக்கத்தில் வந்தாலும் தெரிய வேண்டுமே. முத்தும் சங்கும் குளித்த நம் கடற்கரை ஆட்கள் ஒரே மூச்சில் போய் வந்த ஆழம் அது.

ரீபிரீதர் தன் வேலையைக் காட்ட அந்தமானோ லட்சத்தீவோ போகவேண்டும். போவதென்றால் சிலிண்டரைக் காலிசெய்து வால்வைக் கழற்ற வேண்டும், அந்தமான் என்றால் சென்னையில் விமானம் மாற வேண்டும், அங்கே சுத்தமான ஆக்சிஜனும் சோடா லைமும் கிடைக்குமா என்று முன்பே பேசிவைக்க வேண்டும். சோடா லைமில் காஸ்டிக் சோடா 4 சதவீதத்துக்குக் குறைவு என்றால் அபாயப் பொருள் பட்டியலில் வராது. அப்படி எழுதியிருக்கும் தயாரிப்பாளர் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட்டில் வெள்ளைக் குருணையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

மொத்தச் செலவு எவ்வளவுண்ணே?

புதுக் கருவி ஆறேழு லட்சத்துக்குக் குறையாது, பல மாடல்கள் பத்தைத் தாண்டும். சுங்க வரி தனி. சிலிண்டர் இறக்குமதிக்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறையான பெசோவின் அனுமதி வேண்டும், அந்த அலைச்சலுக்கு விலை போட முடியாது. வகுப்பு, பயணம், தங்கல் சேர்த்தால் ஒன்றரை லட்சம் ஆகிவிடும். வருடா வருடம் மூன்று சென்சார். ஆக்சிஜன் படும் இடத்தில் எண்ணெய்ப் பசை ஒட்டவே கூடாது, தீப்பிடிக்கும். தலையில் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு தொடுகிற ஆள் என்றால் கருவியைத் திறக்கவே வேண்டாம்.

பழைய கருவி மூன்று லட்சத்துக்கு வருகிறது என்று இரண்டு பேர் படம் அனுப்பினார்கள். எந்த மாடலில் பயிற்சி எடுக்கிறீர்களோ அந்த மாடலுக்குத்தான் கார்டு. கருவியை வாங்கிவிட்டு ஆசிரியரைத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள்.

எத்தனை டைவ் முடிச்சிருக்கணும்?

பாடியில் 18 வயது, நைட்ராக்ஸ் கார்டு, 25 டைவ். என்னைக் கேட்டால் நூறு. 25இல் இன்னும் முகக்கண்ணாடியில் தண்ணீர் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நைட்ரஜன் கம்மியாத்தான் ஏறுது. டைவ் முடிச்சு நேரா கொடைக்கானல் ஏறிரலாம்ல?

கூடாது. உயரம் ஏறினால் அழுத்தம் குறைந்து, உடம்பில் ஏறிய நைட்ரஜன் குமிழியாகும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை வரை பிரச்சினை இல்லை, நம் ஊர் 130 மீட்டர் உயரம்தான். கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல். 300 மீட்டரைத் தாண்டினாலே உயரம் என்றுதான் கணக்கு. ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் என்ற விமான விதியை மலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ரீபிரீதரில் நைட்ரஜன் குறைவாக ஏறும் என்பது சரி, ஆனால் மூன்று மணி நேரம் கீழே இருந்தால் அந்தக் குறைவு எங்கே போனது? மதுரையில் தங்கி, மறுநாள் ஏறுங்கள்.

சரிண்ணே, இவ்வளவு பழகிட்டு நீங்க ஏன் வாங்கலை?

பணம் ஒரு காரணம், அது இரண்டாவது காரணம். போன வருடம் என் டைவிங் குறிப்பேட்டை எடுத்து நாள் கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டு நாள். அதில் ஆறு நாள் ஒரே அந்தமான் பயணம். அதாவது வருடத்தில் பத்து மாதம் கருவி பரணில் கிடக்கும். இறங்குவதற்கு முந்தின இரவு எடுத்து, சென்சார் தேதி பார்த்து, சுண்ணாம்பு அடைத்து, கை மறந்துபோன வேலையை அவசரத்தில் செய்வேன். பயிற்சியின் நாலாம் நாளே, எல்லாம் கையில் சூடாக இருந்தபோதே வால்வைத் திறக்க மறந்தவன் நான்.

வருடத்தில் நாற்பது, ஐம்பது நாள் தண்ணீரில் இருப்பவர், கடல் ஆராய்ச்சியில் இருப்பவர், நீருக்கடியில் படம் எடுப்பவர் என்றால் நானே போய் வாங்கச் சொல்வேன். மற்றவர்கள் பயணம் போகும் இடத்தில் அரை நாள் சோதனை டைவ் நடத்துகிறார்களா என்று விசாரித்து, குளத்தில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அந்த அமைதி பிடித்துவிட்டால் அப்புறம் பேசுவோம். கடை ஞாயிறு லீவு.